உப்பளத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவே எழுத வந்தவர்களுக்கு

தூத்துக்குடியைச் சுற்றியுள்ள உப்பளத்து ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வந்து, படிப்பும் கூலி வேலையும் வீட்டுப் பொறுப்பும் போக எஞ்சிய பொழுதில் கதையும் கவிதையும் எழுதத் தொடங்கியிருக்கும் மாணவ மாணவியருக்கு:

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

இந்நகரத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற ஒரே உரிமையை வைத்துக்கொண்டு இம்மடலை எழுதத் துணிகிறேன். முத்தையாபுரத்திலிருந்தும் முள்ளக்காட்டிலிருந்தும் பழையகாயலிலிருந்தும், வடக்கே தருவைகுளம், வேப்பலோடைப் பக்கங்களிலிருந்தும் வரும் உங்களுள் பலர், நான் பணியில் இருந்த காலத்திலும் அதன் பின்னரும், நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதிய கதைகளை என்னிடம் கொண்டுவந்து காட்டியதுண்டு. அவை ஏன் பாதியில் நின்றுபோயின என்று நான் கேட்டபோது, எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டாற்போல, “நேரமில்லை, சார்” என்ற ஒரே விடையைச் சொன்னதும் உண்டு. அந்த விடையைச் சோம்பலின் சமாதானம் என்று தள்ளிவிட எனக்கு ஒருபோதும் மனம் வந்ததில்லை. ஏனெனில் அது முற்றிலும் வாஸ்தவம். ஆயினும், வாஸ்தவமென்பதற்காகவே அதை ஒப்புக்கொண்டு வாளாவிருந்துவிட்டால், எழுத்து என்பது அவகாசம் படைத்தவர்களின் பிதிரார்ஜிதமாகவே நின்றுவிடும் என்பதால், உங்கள் காலம் எங்கே செலவாகிறது, அதில் எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது என்பதை உங்களோடு சேர்ந்து நிதானமாக ஆராய விரும்புகிறேன்.

முதலாவதாக, உங்கள் ஆண்டு ஏனைய மாணவர்களின் ஆண்டைப் போன்றதன்று என்பதை உங்கள் ஆசிரியர்களும், சில வேளைகளில் நீங்களுமே, மறந்துவிடுகிறீர்கள். தை பிறந்ததும் மழைநீர் வடிந்த பாத்திகளைச் சீர்செய்து, களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கும் வேலை தொடங்குகிறது. பின்னர், நிலத்தடியிலிருந்து இறைத்த உவர்நீரைத் தெப்பத்தில் நிறுத்தி வெயிலில் காயவைத்து, அதன் அடர்த்தி போமே அளவில் 25 டிகிரியை எட்டும் தறுவாயில் பாத்திகளில் பாய்ச்ச, அங்கே உப்பு விளைகிறது. சித்திரை, வைகாசி, ஆனி என்று வெயில் ஏற ஏற விளைச்சலும் ஏறி, வாருவதும் சுமப்பதும் தட்டுமேட்டில் அம்பாரமாகக் குவிப்பதுமாகப் புரட்டாசி வரையில் ஓயாது நடக்கும் வேலை, ஐப்பசி மழையோடு நின்றுவிடுகிறது. இயற்கை வகுத்த இந்தக் கணக்கின் மேல் பல்கலைக்கழகம் வகுத்த கணக்கு வந்து குறுக்கே விழுகிறது. ஏப்ரல் மாதத்துத் தேர்வு வரும்போது அளத்தில் ஆள் தேவை அதிகம். மே மாதத்து விடுமுறை, பிறருக்கு விடுமுறையாக இருக்க, உங்களுக்கு முழுநாள் கூலியாகிறது. நவம்பர் மாதத்துத் தேர்வு வரும்போது அளம் ஓய்ந்திருக்கிறது, ஆனால் வீட்டிலே வருமானமும் ஓய்ந்திருக்கிறது.

ஆகவே, காசு புரளும் மாதங்களில் உங்களுக்கு நேரமில்லை. நேரம் கிடைக்கும் மாதங்களில் வீட்டில் காசில்லை. மழைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு வழங்கும் 5,000 ரூபாய் நிவாரணம் மளிகைக் கடையின் பழைய பற்றைத் தீர்ப்பதற்கே சரியாய்விட, அடுத்த தை மாதத்துக் கூலியை நம்பி இப்போதே முன்பணம் வாங்குவதா வேண்டாமா என்று தாயும் தந்தையும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கும் ஓர் அறை வீட்டிலே, மூலையில் உட்கார்ந்து ஒரு மாணவன் கதை எழுதுவது எத்தகைய காரியம் என்பதை, நூலகத்தின் மின்விசிறிக்கடியில் இருந்துகொண்டு “மனமிருந்தால் மார்க்கமுண்டு” என்று உபதேசிப்பவர்கள் அறியமாட்டார்கள். வெளியார் ஓய்வு என்று கருதும் அந்த மூன்று மாதங்களும் கவலைக்கு ஓய்வில்லாத மாதங்கள்.

இங்கே ஒரு பொய்யான ஆறுதலை நான் மறுத்தாக வேண்டும். வறுமையும் பிரயாசையும் எழுத்தாளனைப் புடம் போடுகின்றன என்றும், துன்பப்பட்டவனே உயர்ந்த இலக்கியம் படைக்கிறான் என்றும் மேடைகளில் ஒரு சம்பிரதாயமான பேச்சு உண்டு. அதற்குச் சாட்சியாக இதே மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரையும், திருநெல்வேலிச் சீமைக்குப் பெருமை தேடித் தந்த புதுமைப்பித்தனையும் அழைப்பார்கள். பாரதியார் 1921இல் மறைந்தபோது அவருக்கு நாற்பது வயதும் நிறையவில்லை என்பதையும், புதுமைப்பித்தன் 1948இல் காசநோய்க்கு இரையானபோது அவருக்கு வயது 42 தான் என்பதையும் அப்பேச்சாளர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டு, இன்னும் இருபது ஆண்டு அவர்கள் உயிர் வாழ்ந்திருந்தால் தமிழுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கமாட்டார்கள். வறுமை அவர்களை உண்டாக்கவில்லை. வறுமை இருந்தும் அவர்கள் எழுதினார்கள், வறுமையே அவர்களைச் சீக்கிரம் கொண்டுபோகவும் செய்தது. எழுதாமலே அமிழ்ந்துபோனவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாதாகையால், அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் பேசுவது சுலபமாயிருக்கிறது. எனவே, உடம்பைக் கெடுத்துக்கொண்டும் உறக்கத்தைத் துறந்தும் எழுதுவதே எழுத்தின் இலட்சணம் என்று எண்ணிவிடாதீர்கள். விடியுமுன் எழுந்து அளத்துக்குப் போய் வந்தவன் இரவு இரண்டு மணி வரை கண்விழித்து எழுதினால், அந்த எழுத்துக்கு மறுநாள் வகுப்பும் அதற்கு மறுநாள் ஆரோக்கியமும் வட்டியாகப் போய்விடும்.

பின்னே எப்படித்தான் எழுதுவது என்று கேட்பீர்கள். நமக்கு அண்மையில் வாழ்ந்த, வாழ்கின்ற எழுத்தாளர்களைப் பாருங்கள். இடைசெவலில் விவசாயியாக இருந்த கி. ராஜநாராயணனின் முதற்கதை அச்சேறியது அவருக்கு முப்பத்தைந்து வயதை ஒட்டியேயாகும். அதன் பிறகு 2021இல் மறையும்வரை அவருக்கு அறுபது ஆண்டு எழுத்து வாழ்க்கை வாய்த்தது. கோவில்பட்டியில் நூற்பாலைத் தொழிலாளியாக இருந்த சோ. தர்மன், 1996இல் வெளியான ‘தூர்வை’க்கும் 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சூல்’ நாவலுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்து வந்தவர். கரிசலின் பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரியாகவும், உவரியின் ஜோ டி குரூஸ் கப்பல் போக்குவரத்துத் தொழிலிலும் இருந்துகொண்டே தத்தம் மண்ணின் பெருநாவல்களை எழுதினார்கள். இவர்களிடம் நாம் கற்கவேண்டியது தியாகத்தை அன்று; காலத்தோடு இவர்கள் கொண்ட சமரசத்தை. இருபது வயதிலே நூல் வெளிவரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் எவருக்கும் இல்லை. உங்களோடு படிக்கும் ஒருவன் இதற்குள் ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டுவிட்டான் என்பதற்காக நீங்கள் பின்தங்கிவிட்டதாகப் பொருளாகாது. அவனுக்கும் உங்களுக்கும் ஆண்டின் மாதங்கள் ஒன்றாயினும் அவற்றின் கனம் ஒன்றன்று.

ஆகையால், நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு நாளிலும் எழுதுவதற்கு இடம் தேடாதீர்கள், ஆண்டிலே இடம் தேடுங்கள். நாள்தோறும் ஆயிரம் சொல் எழுது என்பது மாதச் சம்பளமும் தனி அறையும் உள்ளவர்களுக்கு வகுத்த விதி. உங்கள் பிழைப்போ பருவத்துக்குப் பருவம் மாறுவது; எழுத்தையும் பருவத்துக்கு ஏற்பப் பகுத்துக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. நீர் வற்ற வற்ற உப்பு விளைவதுபோல, அனுபவம் மனத்தில் வற்றித் தானே எழுத்தாய் விளையும் என்று உங்களுள் ஒருவர் ஒரு கவிதையில் எழுதியிருந்தார். அழகான உவமைதான்; ஆனால் அளத்தில் பிறந்தவர் சொல்லத்தக்க உவமை அன்று. பாத்தியில் உப்பு தானே விளைந்து கிடப்பதாக எண்ணுகிறவன் சாலையிலிருந்து பார்க்கிறவன். அடர்த்தி மிகுந்துபோனால் கசப்பு உப்புகளும் கலந்துவிடுமே என்று அளவு பார்த்துக் கழிவுநீரை வெளியேற்றுகிறவருக்கும், பாத்தியை மிதித்த காலுக்கும், வாருபலகை பிடித்த கைக்கும் தெரியும், அங்கே தானாக நடப்பது எதுவும் இல்லை என்பது. எழுத்திலும் அப்படியே: குறித்து வைக்காத அனுபவம் கனிவதில்லை, கரைந்துபோகிறது.

வேலைப் பருவத்தில், அதாவது தை முதல் புரட்டாசி வரையில், கதை எழுத முயலவேண்டாம். குறிப்பு மட்டும் எடுங்கள். அளத்திலே உவர்நீர் பட்ட கையோடு காகிதத்தையும் தொடமுடியாது, கைப்பேசியையும் தொடமுடியாது என்பதை நான் அறிவேன். ஆதலால் அன்றைய தினத்தில் கண்டவற்றுள் ஒன்றை, ஒன்றே ஒன்றை, மறவாமல் வைத்துக்கொண்டு வந்து, உறங்குமுன் நான்கு வரி எழுதிவிடுங்கள். அதற்கும் உடல் இடங்கொடாத நாளில், கல்லூரிக்கு வரும் பேருந்திலே ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பேசியில் மெல்லப் பேசிப் பதிந்துவிடுங்கள். கங்காணி யாரை எப்படி விளித்தார், கூலி தரும் நாளில் யார் வரிசையில் பின்னுக்கு நின்றார், வெள்ளை உப்பின் மேல் வெயில் பட்டுக் கண் கூசும்போது பெண்கள் முந்தானையை எப்படி இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள் என்பவை போன்ற சிறு விஷயங்களே பிற்பாடு உங்களுக்குப் பிரயோஜனப்படும். ‘துயரம்’, ‘சுரண்டல்’ என்ற பெருஞ்சொற்கள் எவருக்கும் எளிதில் கிடைப்பவை. பின்னர் மழைப் பருவத்தில் தேர்வு முடிந்த மறுநாளே உட்கார்ந்து, அந்தக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கதையை, நன்றாயிருந்தாலும் இல்லாவிட்டாலும், முடிவு வரை எழுதிவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு கதை என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் பட்டப்படிப்பு முடியும்போது முழுமையான மூன்று கதைகள் கையிலுள்ள மாணவரை என் பணிக்காலத்தில் நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன்.

கல்லூரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்தாளனாகப் போகிறவனுக்குப் பட்டம் எதற்கு என்ற எண்ணம், அரியர் இரண்டு விழுந்தவுடன் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை அப்போதே எழுப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் வீட்டில் அளத்து வேலையைத் தவிர வேறொரு ஜீவனோபாயத்துக்கு வாயில் திறப்பது அந்தப் பட்டம்தான். நிலையான ஜீவனம் ஒன்று அமைந்துவிட்டால் எழுத்துக்கு அதைவிடப் பெரிய புரவலர் வேறு இல்லை. நூற்றுக்கு 75 நாள் வருகை வேண்டும் என்ற விதி வெயில் மாதங்களில் உங்களை நெருக்கும்போது, நெருக்கடி முற்றும்வரை மறைத்து வைத்திருந்து கடைசியில் அபராதம் கட்டுவதைவிட, துறைத்தலைவரிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அளத்துக்குப் போவதைச் சொல்லக் கூச்சப்படும் நீங்கள், காய்ச்சல் என்று பொய்யெழுதிய விடுப்புக் கடிதத்துக்குக் கூச்சப்படுவதில்லை. இதில் எனக்கு வருத்தமுண்டு. கேட்கிற ஆசிரியரிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: கடைசி வரிசையில் தலை சாய்ந்து உறங்கும் மாணவனை எழுப்புமுன், அவன் அன்று எத்தனை மணிக்கு எழுந்தான் என்பதை ஒருமுறை கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவியருக்குப் ‘புதுமைப் பெண்’ திட்டத்திலும், 2024 முதல் மாணவருக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறதல்லவா? அத்தொகை வீட்டுச் செலவோடு சேர்ந்து கரைந்துபோவது இயல்பே. அதைத் தவறென்று சொல்ல நான் யார்? ஆயினும், அது எத்தனை நாள் கூலிக்கு ஈடாகிறதோ, அத்தனை நாள்களேனும் தேர்வு மாதத்தில் அளத்துக்கு அனுப்பாமல் விடவேண்டும் என்று பெற்றோரிடம் பணிவாகவும் கணக்காகவும் கேட்கலாம். நம் தாய்மார்கள் இலட்சியப் பேச்சுக்கு மயங்கமாட்டார்கள்; கணக்குக்குச் செவி சாய்ப்பார்கள்.

இனி, வீட்டுக் காரியம். இங்கே தம்பிகளையும் தங்கைகளையும் ஒரே குரலில் அழைத்துப் பேச எனக்கு இயலவில்லை. அளத்திலிருந்து இருவரும் ஒன்றாகத் திரும்பி வந்தாலும், அண்ணன் முகம் கழுவிவிட்டுத் திண்ணையில் புத்தகத்தோடு உட்காருகிறான். தங்கை குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்கு நிற்கப் போகிறாள். அவன் எழுதும்போது வீடு அவனுக்கு மௌனம் அளிக்கிறது; அவள் எழுதும்போது வீடு அவளை அழைத்துக்கொண்டே இருக்கிறது. ‘கரிப்பு மணிகள்’ என்ற நாவலை 1979இல் எழுதி நம் உப்பளத்து மக்களை முதன்முதலாகப் பெருவாரியான வாசகருக்கு அறிமுகம் செய்த ராஜம் கிருஷ்ணன், பதினைந்து வயதிலே மணமாகிக் குடும்பப் பொறுப்பு ஏற்றவர். கல்லூரியின் வாசலை மிதித்தவர் அல்லர். அவர் எழுதியதைக் கண்டு வியக்கிறோம். வியப்பதோடு நிறுத்திக்கொண்டு, எல்லாத் தங்கைகளும் அவ்வாறே எல்லாவற்றையும் செய்துவிட்டு எழுதட்டும் என்று விட்டுவிடுவது நியாயமாகாது. ஆகவே தம்பிகளே, உங்களுள் எவனாவது சமத்துவத்தைப் பற்றிக் கவிதை எழுத உத்தேசித்திருந்தால், எழுதுமுன் இரவு உணவுப் பாத்திரங்களைத் துலக்கிவிட்டு வரட்டும்; அதனால் கவிதை ஒரு மணி நேரம் தாமதப்படும், தங்கைக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். தங்கைகளே, அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். தானாகத் தருவார்கள் என்று காத்திராதீர்கள். வீட்டிலே இடமில்லையெனில், நூலகத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அடுத்த பேருந்தில் வருவதற்கு அனுமதி பெறுவது, கதைக்கு நல்ல தலைப்பு கண்டுபிடிப்பதைவிட முக்கியமான இலக்கிய காரியம்.

எதை எழுதுவது என்பதில் உங்களுக்குப் பூரண சுதந்திரம் உண்டு. உப்பளத்திலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும், சந்திக்கும் இலக்கிய அன்பர்கள் எல்லாம் “உப்பளத்தை எழுதுங்கள்” என்பார்கள். நம் தூத்துக்குடியின் ஸ்ரீதர கணேசன் ‘உப்பு வயல்’ எழுதியதைப் போல உள்ளிருந்து எழுதவேண்டியவை இன்னும் எவ்வளவோ உண்டு என்பது மெய்தான். ஆனால் அது கடமையாகிவிடக் கூடாது. வேறெவரையும் பார்த்து “நீ உன் தந்தையின் தொழிலை மட்டுமே எழுது” என்று யாரும் விதிப்பதில்லை. காதலைப் பற்றியோ, கணிதத்தைப் பற்றியோ, பார்த்திராத ஒரு நகரத்தைப் பற்றியோ உங்களுக்கு எழுதத் தோன்றினால் எழுதுங்கள். பகல் முழுவதும் உப்பைச் சுமந்தவன் இரவிலும் அதையே சுமக்கவேண்டும் என்பது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

கடைசியாக ஒரு லௌகிகமான எச்சரிக்கை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி இம்மாவட்டமே நீரில் மூழ்கியபோது, அம்பாரங்களில் இருந்த உப்போடு உங்கள் வீட்டு அலமாரிகளில் இருந்த நோட்டுகளும் போயின. அவற்றில் என்னென்ன இருந்தன என்பதை எழுதியவர்களே இன்று நினைவுகூரமுடியாமல் தவிக்கிறார்கள். உப்புக்கு அடுத்த வெயில் வரும். அந்த வரிகள் திரும்ப வரா. எழுதியவற்றைப் பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படமெடுத்து, நண்பர் ஒருவருக்கும் அனுப்பி வைத்துவிடுங்கள். நோட்டுகளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பரண்மேல் ஏற்றுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு என் பங்குக்கு எதுவும் செய்யாதிருப்பது முறையாகாது. இவ்வாண்டு கார்த்திகையில் தேர்வுகள் முடிந்ததிலிருந்து பொங்கல் வரையில், ஞாயிறுதோறும் பிற்பகலில் என் வீட்டு முன்னறை உங்களுக்காகத் திறந்திருக்கும். முகவரியை உங்கள் துறைகளில் கொடுத்து வைத்திருக்கிறேன். மேசை உண்டு, விளக்கு உண்டு, பேசிக் கலைப்பவர் இல்லை. எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம், படித்துக் காட்ட விரும்புகிறவர்களுக்குக் கேட்க ஆளிருக்கும். தங்கைகள் தனியே வரத் தயங்கினால் தாயாரையோ தோழியையோ உடன் அழைத்து வரலாம். அவர்களோடு பேசிக்கொண்டிருக்க என் மனைவி இருப்பாள், தேநீர் போடுவது என் பொறுப்பு. பாத்தி மிதிக்க இறங்குவதற்கு முன், ஒவ்வொருவரும் ஒரு கதையையாவது, அது எவ்வளவு சிறியதாயினும், முடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்பது ஒன்றே நான் கேட்கும் கட்டணம்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியன்